அரசுக் கல்லூரி விண்ணப்பம்: ஜெராக்ஸ் கடையில் இருந்து பார்த்தது

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம் என்றதும், ஒரு தடவை பெயரைப் பதிந்துவிட்டால் எங்கேயாவது ஒரு இடம் தானாக வந்து சேரும் என்று எங்கள் பக்கத்தில் நிறைய பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி வராது. விண்ணப்பம்தான் ஒன்று. தரவரிசை கல்லூரிக்குக் கல்லூரி வேறு, கலந்தாய்வு நாள் வேறு, போய் வரிசையில் நிற்க வேண்டியது நாம்தான். இது புரியாமல் நல்ல மார்க் வைத்திருந்தும் இடத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். புரிந்துகொண்டதால் சுமாரான மார்க்கில் விரும்பிய பாடத்துக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரத்தில் நானும் வீட்டுக்காரரும் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டர், பிரிண்டர், லேமினேஷன் மெஷின், ஓரமாகக் கொஞ்சம் நோட்டு பேனா. வருஷம் முழுக்க ஆதார் நகலும் பட்டா சிட்டாவும்தான் ஓடும். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் வேறு வேலைக்கு நேரமிருக்காது. ஏரியூர், பெரும்பாலை, பாப்பாரப்பட்டி, ஒகேனக்கல் பக்கத்துக் கிராமங்களில் இருந்தெல்லாம் அம்மாவும் பிள்ளையுமாக வருவார்கள். அப்பா பெரும்பாலும் பெங்களூருவில் சென்ட்ரிங் வேலையிலோ பேக்கரியிலோ இருப்பார். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது, ஓடிபி பற்றிப் பேசும்போது தெரியும்.

2020-க்கு முன்னால் ஒவ்வொரு கல்லூரிக்கும் விண்ணப்பம் தனித்தனியாக வாங்க வேண்டும். தருமபுரிக்கு ஒரு நாள், கிருஷ்ணகிரிக்கு ஒரு நாள், நிரப்பிக் கொடுக்க இன்னொரு நடை. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் இத்தனை நாள் சம்பளத்தை யார் விடுவார்கள்? பக்கத்தில் இருக்கிற ஒரு கல்லூரியோடு நிறுத்திக்கொள்வார்கள். கொரோனா வந்த அந்த ஆண்டுதான் டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளம் வந்து, எல்லா அரசு கலைக் கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் பதியும்படி ஆனது. நான் பார்த்த ஆண்டுகளில் ஐந்து கல்லூரிகள் வரை விண்ணப்பிக்க 48 ரூபாய் விண்ணப்பக் கட்டணம், 2 ரூபாய் பதிவுக் கட்டணம், ஆக மொத்தம் 50 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான்.

இது தெரியாமல் வேறு எங்கேயோ முந்நூறு நானூறு கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. "காலேஜ் பீஸும் இதிலேயே சேர்த்தின்னு சொன்னாங்கக்கா" என்பார்கள். சேர்க்கைக் கட்டணம் இடம் கிடைத்த பிறகுதான் கட்டுவது. விண்ணப்பத்தில் அது வராது. பணம் கட்டிய ரசீதைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் இருப்பதுதான் அரசாங்கத்துக்குப் போன பணம், மீதி கடைக்காரர் கூலி. நாங்களும் கூலி வாங்குகிறோம், தனியாகச் சொல்லி வாங்குகிறோம். கடைக்கு வராமலும் முடிக்கலாம். அரசுக் கல்லூரிகளிலேயே சேர்க்கை உதவி மையம் வைத்திருக்கிறார்கள். மார்க் விவரத்தோடு போனால் உட்காரவைத்துப் பதிந்து தருவார்கள். என் வியாபாரத்துக்கு நல்லதில்லை என்றாலும் உள்ளதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

விண்ணப்பம் நிரப்ப அதிக நேரம் ஆகாது. அதற்கு முந்தைய வேலைதான் பெரிது.

பிளஸ் டூ பரீட்சை மார்ச் மாதத்தில் முடிந்துவிடுகிறது. ரிசல்ட் மே மாதம். நடுவில் ஏப்ரல் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் பதிய வேண்டிய மாதம் அதுதான். ஆனால் கூட்டம் வருவது மே இரண்டாம் வாரம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்ததும் அது விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று மேசை மேசையாக நகரவேண்டும். வட்டத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாரத்தில் கேட்டால் அவர்களும் என்ன செய்வார்கள்? போதாக்குறைக்கு ஜமாபந்தி என்கிற வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையும் அந்தச் சமயத்தில்தான் வரும். விஏஓவைத் தேடிப் போனால் தாலுகா ஆபீசில் இருப்பார்.

பழைய அட்டைச் சாதிச் சான்று வீட்டில் இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இப்போது டிஜிட்டல் கையெழுத்து உள்ள சான்றைத்தான் பல இடங்களில் கேட்கிறார்கள். இன்ஜினியரிங் கலந்தாய்வில் கட்டாயம் கேட்கிறார்கள். அட்டைச் சான்று கையில் இருந்தால் அதை வைத்து டிஜிட்டல் சான்று வாங்குவது சுலபம். அதையும் முன்னாலேயே செய்துவிடலாம்.

எஸ்டி சான்று மட்டும் தனிக் கதை. அதைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் விசாரித்துத் தரவேண்டும். வத்தல்மலை, சித்தேரி மலைப் பிள்ளைகளும், ஒகேனக்கல் பக்கத்து இருளர் பிள்ளைகளும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சான்று இருந்தால் பரவாயில்லை. குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கேட்கிறவர்களுக்கு மாதக்கணக்கில் இழுக்கும். சான்று இல்லாவிட்டால் அந்த இடஒதுக்கீடும் இல்லை, பொதுப் பட்டியலில்தான் போட்டிபோட வேண்டும். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே தலைமையாசிரியரிடம் சொல்லி வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து கேட்டால் அந்த ஆண்டுக்கு உதவாது.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் இன்னொரு எழுத்து, சாதிச் சான்றில் இன்ஷியல் கடைசியில். எங்கள் பக்கத்தில் பத்துக்கு நாலு பேருக்கு இது உண்டு. விண்ணப்பத்தில் மார்க் ஷீட்டில் உள்ளபடியே போடுங்கள். ஆதாரைத் திருத்துவது சுலபம், மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு. அதனால் ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதுதான் சரி.

இனி போன் கதைக்கு வருவோம். கணக்கைத் தொடங்கும்போது மொபைல் நம்பர் கேட்கும்.

"நம்பர் சொல்லுமா."

"அப்பா நம்பர்தான்க்கா இருக்கு. அவரு பெங்களூர்ல இருக்காரு."

அப்பாவுக்குப் போன் போடுவோம். அவர் மூன்றாவது மாடியில் சாரத்தின்மேல் நிற்பார், போன் கீழே பையில் கிடக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவார். அவர் ஓடிபியைப் படித்துச் சொல்வதற்குள் காலாவதியாகிவிடும். மறுபடி அனுப்புவோம். "இங்கிலீஷ்ல ஏதோ வந்திருக்கும்மா" என்பார். நாங்கள் இங்கிருந்து "நம்பர் மட்டும் சொல்லுங்கண்ணா" என்போம். இது சிரிப்பாக இருக்கும், ஆனால் பெரிய பிரச்சினை பின்னால் வருகிறது. தரவரிசை, கலந்தாய்வு தேதி எல்லாம் அதே நம்பருக்குத்தான் குறுஞ்செய்தியாகப் போகும். கட்டட வேலையில் இருக்கிறவர் அதைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் ஏதோ கம்பெனிக்காரன் மெசேஜ் என்று தள்ளிவிடுவார்.

அதனால் ஊரில் இருக்கிற போன் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். அம்மாவிடம் பட்டன் போன் இருந்தாலும் போதும், ஓடிபி அதிலும் வரும். அந்த நம்பருக்கு ஜூலை மாதம் வரை ரீசார்ஜ் இருக்கட்டும். வேலிடிட்டி முடிந்து சில நாள் போனால் வருகிற அழைப்பும் மெசேஜும்கூட நின்றுவிடும். இரண்டாம் கட்டக் கலந்தாய்வுக்குக் கல்லூரியில் இருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு பெண் வந்து அழுதாள். ஒரு மாத ரீசார்ஜ் செய்யாமல் விட்டதுதான் காரணம்.

இமெயிலும் அப்படித்தான். சில கடைகளில் அவசரத்துக்கு அவர்களுடைய இமெயிலையே போட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்டும் அவர்களுக்குத்தான் தெரியும். பிறகு பிள்ளைகள் வீட்டிலிருந்து பார்க்க நினைத்தாலும் உள்ளே போக முடியாது. உங்கள் பெயரில் ஒரு இமெயில் திறந்து, விண்ணப்ப எண்ணையும் பாஸ்வேர்டையும் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை எழுதவைத்துவிட்டுத்தான் அனுப்புவேன். "போன்லயே சேவ் பண்ணிக்கிறேன்க்கா" என்று சொல்கிற பையன்தான் அடுத்த வாரம் போனைத் தொலைத்துவிட்டு வருவான்.

பணம் கட்டும்போது கணக்கில் பணம் போய்விடும், இணையதளத்தில் மட்டும் கட்டவில்லை என்று காட்டும். பதறிப்போய் உடனே இரண்டாவது தடவை கட்டாதீர்கள். மறுநாள் காலை வரை பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டியதாக மாறியிருக்கும், இல்லையென்றால் பணம் கணக்குக்குத் திரும்பும். கடைசி நாளில் போய் உட்கார்ந்தால் பொறுத்துப் பார்க்க நேரம் ஏது? ரிசல்ட் வந்த முதல் ஒன்றிரண்டு நாளும் கடைசி நாளும் சர்வர் திணறும். நடுவில் ஒரு நாள் விடியற்காலையில் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

எந்த ஐந்து கல்லூரி என்பதுதான் விஷயமே. பிள்ளைகள் பட்டியலோடு வருவார்கள். சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி, சேலம், தருமபுரி, ஐந்தாவதாக என்ன போடுவதென்று என் முகத்தைப் பார்ப்பார்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் நான் முதலில் கேட்பது மார்க் அல்ல. "காலையில் ஒன்பதரைக்கு அந்தக் காலேஜ் வாசலில் நிற்க முடியுமா?" என்றுதான் கேட்பேன். கலந்தாய்வுக்கு நேரில் போகவேண்டும், அசல் சான்றிதழ்களோடு போகவேண்டும், பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும். சென்னைக்குப் போவதென்றால் முந்தின இரவே கிளம்பவேண்டும். அந்தச் செலவுக்கும் தங்குவதற்கும் வழி இருந்தால் தாராளமாகப் போடலாம். இல்லையென்றால் அந்த ஒரு இடம் வீண்.

பென்னாகரத்தில் இருந்து பார்த்தால் நமக்கு எத்தனையோ இருக்கிறது. பென்னாகரத்திலேயே அரசுக் கல்லூரி உண்டு. ஏரியூரில் 2022-ல் புதிதாகத் தொடங்கினார்கள். தருமபுரி அரசு கலைக் கல்லூரி 1965-ல் இருந்து இருக்கிறது, பாடப்பிரிவுகளும் அதிகம், போட்டியும் அதிகம். பெண்பிள்ளைகளுக்குக் காரிமங்கலம் மகளிர் கல்லூரி, பர்கூர் மகளிர் கல்லூரி, கிருஷ்ணகிரியில் தனியாக மகளிர் கல்லூரி. பையன்களுக்குக் கிருஷ்ணகிரி ஆடவர் கல்லூரி. இந்தப் பக்கம் பெரும்பாலை வழியாகப் போனால் மேட்டூர். சேலம் மாவட்டம் என்பதால் மேட்டூர் பலருக்குத் தோன்றுவதே இல்லை. நெருப்பூர், நாகமரை பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தருமபுரியை விட அதுதான் வசதி என்றுகூட நினைக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்ட அரசு கலைக் கல்லூரிகள் எல்லாம் பெரியார் பல்கலைக்கழகத்தில்தான் சேர்ந்தவை. ஏரியூரில் படித்தாலும் சேலத்தில் படித்தாலும் வாங்கப்போவது அதே பல்கலைக்கழகத்தின் பட்டம்தான்.

நான் சொல்கிற கணக்கு இதுதான்: மார்க்குக்கு நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றுவதில் இரண்டு, கொஞ்சம் எட்டிப் பிடிக்க வேண்டியதில் இரண்டு, ஆசைக்கு ஒன்று. நிச்சயம் கிடைக்கும் என்பதில் ஒன்றாவது தினமும் வீட்டில் இருந்து போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. ஆனால் பஸ் வேண்டுமே. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். பெண்பிள்ளையின் படிப்பை முதல் செமஸ்டரிலேயே நிறுத்துகிற காரணங்களில் இந்தக் கடைசி பஸ்ஸும் ஒன்று. எங்கள் மாவட்டத்தில் படிப்பு நின்றால் அடுத்த பேச்சு என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் ஒரே தரவரிசை இல்லை. மொழி தவிர்த்த நான்கு பாடங்களின் 400 மார்க்கை வைத்து ஒரு வரிசை. பிஏ தமிழுக்குத் தமிழ் மார்க்கை வைத்து, பிஏ ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க்கை வைத்துத் தனித்தனி வரிசை. சின்னம்பள்ளிப் பக்கத்தில் இருந்து ஒரு பெண் வந்தாள். அறிவியல் பாடங்களில் தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்திருந்தாள், தமிழில் மட்டும் 90-க்கு மேல். அவளுடைய மாமா, "இந்த மார்க்குக்கு எதுவும் கிடைக்காது, ஓசூர் கம்பெனிக்கு அனுப்பிடலாம்" என்று கூடவே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். 400-ஐ வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். தமிழ் வரிசையில் அவள் முன்னால் இருந்தாள். பிஏ தமிழ் சேர்ந்தாள், இப்போது பிஎட் பற்றிக் கேட்டுக்கொண்டு கடைக்கு வருகிறாள். மாமாவும்தான் வருகிறார், அவருடைய பையனுக்கு விண்ணப்பம் போட.

தமிழ் வழி, ஆங்கில வழி என்று ஒரே பாடம் இரண்டாக இருக்கும். பிஎஸ்சி கணிதம் தமிழ் வழி ஒன்று, ஆங்கில வழி ஒன்று. ஆங்கில வழி என்றால் மதிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு அதை மட்டும் குறிப்பார்கள். டிஎன்பிஎஸ்சி எழுதும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பில் இருந்து அந்த வேலைக்கான கல்வித்தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கிற குரூப் 2 போன்ற வேலைக்கு, பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு டிகிரியை மட்டும் ஆங்கிலத்தில் படித்தால் அந்த ஒதுக்கீடு போய்விடும். தனியார் வேலை, வெளிமாநிலத்தில் மேற்படிப்பு என்று போகிறவர்களுக்கு ஆங்கில வழி உதவலாம். எது வேண்டும் என்று முடிவு செய்யாதவர்கள் இரண்டையும் குறித்து வையுங்கள். கலந்தாய்வில் முடிவு செய்துகொள்ளலாம்.

அப்புறம் கலந்தாய்வு. முதலில் சிறப்புப் பிரிவு நடக்கும்: மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள், என்சிசி. அதன் பிறகு பொதுப் பிரிவு. எந்த மார்க் வரை எந்த நாளில் வரவேண்டும் என்று ஒவ்வொரு கல்லூரியும் தனியாக அறிவிக்கும். கல்லூரி இணையதளத்திலும் அறிவிப்புப் பலகையிலும் போடுவார்கள். மொத்தத் தரவரிசையில் உங்கள் எண் எங்கோ பின்னால் இருப்பதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு: பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி 20, எஸ்சி 15, அருந்ததியர் 3, எஸ்டி 1. உங்கள் பிரிவுக்குள் எத்தனையாவது என்பதையும் பாருங்கள்.

என் தம்பி மகளுக்கு நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். ஏரியூருக்கு உள்ளே தள்ளி அவர்கள் வீடு. வேதியியல் படிக்கவேண்டும் என்று பிடிவாதம். ஒரே நாளில் இரண்டு கல்லூரிகளில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்று பக்கத்தில், ஒன்று தூரத்தில். தம்பி என்னிடம், "அக்கா, பக்கத்துல இருக்கறதுல வேற ஏதாவது கிடைச்சா எடுத்துக்கட்டும், எதுக்கு அலையணும்" என்றான். அவள் அழுவதா வேண்டாமா என்று நிற்கிறாள். "அத்தை, நீங்க சொல்லுங்க" என்கிறாள். நான் இருவரையும் உட்காரவைத்து இரண்டு கல்லூரியின் தரவரிசைப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். தூரத்துக் கல்லூரியில் அவள் பிரிவில் அவளுக்கு முன்னால் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். பக்கத்துக் கல்லூரியில் அவள் வரிசை இன்னும் முன்னால், அதாவது அங்கே முதல் கட்டத்தில் போகாவிட்டாலும் இரண்டாம் கட்டத்தில் ஏதாவது ஒன்று நிச்சயம். அதனால் தூரத்துக்குப் போகச் சொன்னேன். காலை முதல் பஸ் பிடித்துப் போனார்கள். மதியம் மூன்று மணிக்குமேல் தம்பி போன் செய்தான். "கெமிஸ்ட்ரி போட்டுட்டாங்கக்கா" என்றான். பின்னால் அவள் சிரிப்பதும் கேட்டது.

இப்படி ஒரே நாளில் மோதும்போது பக்கம் தூரம் பார்க்காதீர்கள். எங்கே வேண்டிய பாடம் கிடைக்கும், எங்கே காத்திருந்தாலும் இடம் மிச்சம் இருக்கும் என்று பாருங்கள். அதற்குப் பட்டியல் வேண்டும், ஊகம் போதாது.

கலந்தாய்வுக்குக் கொண்டுபோக வேண்டியவை: விண்ணப்பத்தின் பிரிண்ட், மாற்றுச் சான்றிதழ் என்கிற டிசி, 10, 11, 12-ம் வகுப்பு மார்க் ஷீட்கள், சாதிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். எல்லாவற்றிலும் நாலைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஜெராக்ஸ் கடைக்காரி சொல்வதால் சிரிக்கலாம், ஆனால் கல்லூரி வாசலில் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். டிசியை மட்டும் யோசித்துக் கொடுங்கள். இடத்தை ஏற்றுக்கொண்டால் அசல் டிசி கல்லூரிக்குப் போய்விடும், பிறகு வேறு இடத்தில் வேண்டும் என்றால் திரும்ப வாங்க நாலு நடை நடக்கவேண்டும். கொடுப்பதற்கு முன்னால் நல்ல நகல் எடுத்துவைத்துக்கொண்டால்தான் மற்ற விண்ணப்பங்களுக்கு உதவும். கையில் பணமும் வேண்டும். அரசுக் கல்லூரிக் கட்டணம் சில ஆயிரத்துக்குள்தான், ஆனால் அன்றைக்கே கட்டச் சொல்வார்கள்.

இன்ஜினியரிங்குக்கும் சேர்த்துப் போடுகிற பிள்ளைகள் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். டிஎன்இஏ என்கிற இன்ஜினியரிங் சேர்க்கை முறையே வேறு. அங்கே விண்ணப்பமும் ஒன்று, கலந்தாய்வும் ஒன்று, எல்லாம் ஆன்லைன். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, அருந்ததியர், எஸ்டி பிள்ளைகளுக்கு 250. கட்ஆஃப் 200-க்கு: கணிதம் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50-க்கு. கணிதத்தில் 82, இயற்பியலில் 78, வேதியியலில் 84 என்றால் 82, 39, 42 சேர்த்து 163. அங்கே கல்லூரிகளை வரிசைப்படுத்துவதுதான் உயிர். பட்டியலில் மேலே இருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, உங்களுக்கு எட்டுகிற முதல் இடத்தைக் கம்ப்யூட்டர் கொடுத்துவிடும். அதனால் கிடைக்குமா என்று பார்க்காமல், வேண்டும் என்கிற வரிசையில் போடவேண்டும். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியோ செட்டிக்கரையில் 2013-ல் வந்த தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியோ பிடிக்கும் என்றால், தெரியாத தனியார் கல்லூரிக்குக் கீழே அதைத் தள்ளாதீர்கள். விண்ணப்பித்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஒதுக்குகிற ரேண்டம் நம்பர் வந்ததும் அது சின்னதா பெரியதா என்று பிள்ளைகள் கவலைப்படுவார்கள். மார்க் உட்பட எல்லாமே சமமாக இருக்கிற இருவருக்கு நடுவில் மட்டும்தான் அதற்கு வேலை. மறந்துவிடலாம்.

ஆறாம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இன்ஜினியரிங் விண்ணப்பத்தில் 7.5 சதவீத ஒதுக்கீட்டைக் குறிக்காமல் விடவே கூடாது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதி, பஸ் கட்டணமும் அரசே ஏற்றுக்கொள்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இதற்குள் வருவார்கள். கலைக் கல்லூரியில் ஜூன் மாதமே சேர்ந்துவிட்டு, பிறகு இன்ஜினியரிங் இடம் வந்தால் மாறலாம் என்று நினைப்பவர்கள், சேரும் அன்றைக்கே டிசி திரும்பக் கிடைக்கும் வழியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்தில் கிடைக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஜூன் மாதம் மாங்காய்க் கூலிக்குப் போய்விடுவார்கள், காரிமங்கலம் கிருஷ்ணகிரிப் பக்கம் அப்போது ஆள் தேவை அதிகம். இரண்டாம் கட்டம் உண்டு. அதன் பிறகும் காலியிடம் இருந்தால் கல்லூரிகள் அறிவிப்பார்கள். வேறு பாடத்துக்கு மாறிப் போனவர்கள், டிஎன்இஏவுக்குப் போனவர்கள் விட்ட இடம் அது. இதுவும் தவறியவர்களுக்காக மாவட்ட நிர்வாகம் 'உயர்வுக்குப் படி' முகாம் நடத்துகிறது. அங்கே கல்லூரிக்காரர்களே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

சேர்ந்த பிறகு வங்கிக் கணக்கு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024-ல் இருந்து தமிழ்ப் புதல்வனில் அதே 1,000. ஏதோ ஒரு கணக்கு இருந்தால் போதாது, பிள்ளையின் பெயரில், ஆதார் இணைத்த கணக்காக இருக்கவேண்டும். இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்றே தெரிவதில்லை. எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்று வங்கியிலேயே கேட்டால் சொல்லிவிடுவார்கள். கடையிலும் பார்த்துச் சொல்வோம். ஆனால் அந்த வேலைக்கு ஜூலைக்கு மேல் வாருங்கள். மே, ஜூனில் வந்தால் எங்கள் கடையில் நிற்கவும் இடமிருக்காது.